வாசல் அடைத்த வட்டம்

அத்தியாயம் 11

"கீழே பாரு" என்றார் மேடம்.

"பார்த்தா காலையில சாப்பிட்டது மேலே வரும். பரவாயில்லையா மேடம்?"

"வந்தா உன் மடியிலதான் விழும். பாரு."

பார்த்துத் தொலைத்தேன். தகர டப்பாவுக்கு இறக்கை ஒட்டிய மாதிரி ஒரு குட்டி விமானம். படம் எடுக்கத் தோதாக ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். காற்று என் கன்னத்தில் மாறி மாறி அறைந்தது. துப்பறியும் நிபுணரிடம் உதவியாளர் வேலை என்றபோது, சொகுசாகக் காரில் உட்கார்ந்து எதிர்வீட்டைக் கண்காணிக்கிற வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

கீழே கோதுமை வயல். பழுக்கத் தொடங்கிய மஞ்சள். அந்த மஞ்சளில் ஈர டம்ளரை வைத்து எடுத்த தடம் மாதிரி வரிசையாக மூன்று பச்சை வட்டங்கள்.

"இதுதான் அந்தப் பழைய புதைமேடா? மேட்டையே காணோமே."

"உழுது உழுது தட்டையாக்கிட்டாங்க" என்று கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார் மேடம். "அந்தக் காலத்துல பொணத்தைப் புதைச்சு மேல மண்ணைக் குவிப்பாங்க. அந்த மண்ணுக்காகச் சுத்தி வர அகழி வெட்டுவாங்க. மேடு கரைஞ்சு போச்சு, அகழி தூர்ந்து போச்சு. ஆனா ஒரு தடவை தோண்டின இடத்துல மண்ணு ஆழமா, ஈரமா இருக்கும். வெயில்ல மத்த பயிர் காஞ்சாலும் அங்கே நிக்கிறது மட்டும் பச்சையா நிக்கும். வயல்ல நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது. மேலேர்ந்து பார்த்தாத்தான் தெரியும்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நேத்து படிச்சேன். நீ குறட்டை விட்டுட்டு இருந்தே."

முன்சீட்டிலிருந்து பைலட் அண்ணன் திரும்பாமலே பேசினார். "அந்தம்மா போனதுக்கு அப்புறம் இந்த வயல் மேல நான் பறக்கவே இல்லைங்க. வருஷா வருஷம் இந்த நேரத்துக்கு வருவாங்க. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே தம்பி, அந்த சீட்டுதான்."

சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அந்தம்மாவை அவர் ஆபீஸில் 'வட்டம் அக்கா' என்று கூப்பிடுவார்கள். வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, எந்த வயலுக்கு அடியில் புதைமேடு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. போன விதைப்பு சமயத்தில் ஒரு சாயங்காலம் இந்த வயலுக்கு வந்தவர் வீடு திரும்பவில்லை. அவருடைய ஸ்கூட்டர் மட்டும் வரப்போரம் நின்றது. அவர் கணவர் விடிய விடிய வயலெல்லாம் தேடி அலைந்து, உடம்பு முழுக்க மண்ணோடு வீடு திரும்பினார். அதற்கு முந்தின வாரம்தான் நிலத்துக்காரர், "இன்னொரு தடவை என் வயல்ல கால் வெச்சா இங்கேயே புதைச்சிடுவேன்" என்று நாலு பேர் எதிரில் அக்காவிடம் கத்தியிருந்தார். நிலத்தை ஒரு கம்பெனி விலைக்குக் கேட்டிருந்தது. வட்டம் கிட்டம் என்று யாராவது சொன்னால் அங்கே கட்டடம் கட்ட விடமாட்டார்கள், விற்பனை நின்றுவிடும் என்ற ஆத்திரம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இன்றைக்கும் ஜெயிலில் இருக்கிறார். அவர் கிணறு, மாட்டுக் கொட்டகை எல்லாவற்றையும் போலீஸ் தோண்டிப் பார்த்துவிட்டது. எங்கேயும் அக்கா இல்லை.

மேடத்திடம் வந்தது அக்காவின் தங்கை. ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். "அவ உயிரோட இல்லைன்னு எனக்குத் தெரியும் மேடம். எங்கே இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. ஒரு இடத்தைக் காட்டினா அங்கே போய் அழுதுக்குவேன்" என்றாள். அவள் முகத்தை அதற்கப்புறம் நான் மறக்கவே இல்லை.

வயலோரத்தில் சிவப்பாக ஒரு அறுவடை மிஷின் நின்றது.

"நாளைக்குக் காலையில இறக்கறாங்க" என்றார் பைலட் அண்ணன். "அறுத்துட்டா அப்புறம் வட்டமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அடுத்த பயிர் வரணும்."

மேடம் கேமராவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

*

வட்டம் அக்காவின் ஆபீஸ் ஒரே நீள அறை. சரிவான மேஜைகள், ஒவ்வொன்றின் மேலும் வளைந்த கழுத்துள்ள விளக்கு. அக்காவின் மேஜையில் தூசி படிந்திருந்தது. அதற்குப் பக்கத்து மேஜையில் இருந்த அம்மாள்தான் எங்கள் படங்களைப் பெரிதாகப் போட்டு எடுத்து வந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ் தொங்கியது.

"இது எங்க எல்லார்கிட்டேயும் இருக்கும்" என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து. "மாறிடக் கூடாதுன்னு விளிம்புல ஆளுக்கொரு அடையாளம் கீறிக்குவோம். அக்காவோடதுல சின்னதா ஒரு வட்டம்."

படத்தை மேஜையில் விரித்தார் மேடம். அந்த அம்மாள் பேசிக்கொண்டே அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

"ஏன் திருப்பினீங்க?" என்றார் மேடம்.

"திருப்பினேனா?" அவருக்கே சிரிப்பு வந்தது. "பழக்கம். வெயில் தெற்கேர்ந்து அடிக்குது, நிழல் வடக்கே விழுது. வடக்கை மேலே வெச்சுப் பார்த்தா நிழல் நம்மளை விட்டு விலகிப் போற மாதிரி இருக்கும். அப்படிப் பார்த்தா கண்ணு ஏமாந்துடும். மேடு பள்ளமாத் தெரியும், பள்ளம் மேடாத் தெரியும். நிழல் நம்ம பக்கம் விழணும். அதனால இங்கே எல்லாப் படமும் தெற்கு மேலேதான்."

நான் அப்படியும் இப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். "எனக்கு எப்படி வெச்சாலும் பள்ளமாத்தான் தெரியுது."

"உன் ராசி அப்படி" என்றார் மேடம்.

இந்த இடத்தில்தானே என்று பேனா முனையால் வட்டத்தைத் தொடப் போனேன். அந்த அம்மாள் என் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். "தொடாதீங்க தம்பி! ஒரு சின்னக் கீறல் விழுந்தாக்கூட அகழி மாதிரி தெரியும். இங்கே யாரும் கூர்மையான எதையும் படத்துக்கிட்ட கொண்டு வர மாட்டோம்."

பேனாவைச் சட்டைப் பையில் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கற்ற வித்தை, இன்றும் கைகொடுக்கிறது.

அவர் லென்ஸைக் கண்ணில் வைத்து முதல் வட்டத்தின் மேல் மெதுவாக நகர்ந்தார். "இதோ வாசல்."

"செத்தவங்களுக்கு வாசலா?"

"அகழியை முழுசா வெட்ட மாட்டாங்க. ஒரு பக்கம் கொஞ்சம் விட்டுடுவாங்க. இந்தப் பகுதியில பார்த்த அத்தனை மேட்டுக்கும் வாசல் தெற்கேதான். ஏன்னு யாருக்கும் தெரியாது. அக்கா அடிக்கடி சொல்லுவா, போனவங்க திரும்பி வந்தா சுத்தி வளைச்சு வரக் கூடாதுன்னு விட்டிருப்பாங்கன்னு." லென்ஸ் நடு வட்டத்துக்கு வந்தது. நின்றது. போன வழியே திரும்பி வந்தது. மறுபடி போனது.

"என்னாச்சு?" என்றேன்.

"இதுக்கு வாசல் இல்லை."

"சில பேர் ஜன்னல் வழியாப் போயிருப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் போன வருஷப் படத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அதில் நடு வட்டம் மேல் பக்கம் பளிச்சென்று திறந்திருந்தது. எங்கள் படத்தில் அதே இடம் பச்சையாக மூடியிருந்தது. வேறொரு கோணத்தில் எடுத்த படத்தையும் பார்த்தார். அதிலும் அப்படியே. மூவாயிரம் வருஷமாகத் திறந்து கிடந்த வாசலை இந்த வருஷம் யாரோ அடைத்திருக்கிறார்கள்.

அடைத்திருந்த பச்சை, பழைய அகழியின் பச்சையைவிட இன்னும் கறுத்திருந்தது. ஆள் நீளத்துக்கு.

"புதுசா... ஆழமா யாரோ..." என்றார் அந்த அம்மாள். லென்ஸ் கையிலிருந்து நழுவி நெஞ்சில் தொங்கி ஆடியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அக்காவின் காலி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நாக்கு நுனியில் ஒரு ஜோக் இருந்தது. அதை அப்படியே விழுங்கினேன்.

"அப்ப நிலத்துக்காரர்தான்" என்றேன். "சொன்னபடி வயல்லயே புதைச்சிட்டார்."

"அவர் இந்த வட்டத்தை நம்பினாரா?"

"எங்கே நம்பினார்? 'தண்ணி தேங்கின இடத்துக்கு இவ்வளவு அலட்டலா'ன்னு கேட்டாராம்."

"அப்படின்னா அவர் எதுக்கு அளந்து வெச்ச மாதிரி அகழி வளையத்துல கொண்டு போய்ப் புதைக்கணும்? நிலத்துக்காரர் பொணத்தை ரோட்டிலேர்ந்து மறைப்பார். இதைச் செஞ்சவன் வானத்திலேர்ந்து மறைச்சிருக்கான். தோண்டின மண்ணு மேலேர்ந்து பார்த்தாப் பச்சையாத் தெரியும்னு தெரிஞ்சவன். ஏற்கெனவே பச்சையா இருக்கிற வளையத்துல போட்டா யாருக்கும் தெரியாதுன்னு கணக்குப் போட்டவன்."

அந்த அம்மாள் நிமிர்ந்தார். "அப்படின்னா எங்கள்ல ஒருத்தரைச் சொல்றீங்களா?"

"இல்லைம்மா. உங்கள்ல யாரா இருந்தாலும் வாசலைத் தவிர்த்திருப்பீங்க. இது எல்லாம் தெரிஞ்ச, ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியாத ஆள்." மேடம் மேஜையில் விரலால் தாளம் போட்டார். அவர் அப்படித் தாளம் போட்டால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். "வட்டத்துக்கு நடுவில அடையாளம் ஏதாவது உண்டா?"

"இரும்புக் கம்பி அடிச்சிருக்கோம். தலையில சிவப்பு பெயின்ட். டிராக்டர்காரங்க சுத்திப் போயிடுவாங்க."

"நடு வட்டத்தோட பெரிய படம் வேற யார்கிட்டேயாவது இருக்கா?"

"அக்கா வீட்டுல ஒண்ணு மாட்டியிருப்பா. வட்டம் மட்டும்தான் இருக்கும். ரோடு, மரம் எதுவும் வராது."

"அதுல வடக்கு எதுன்னு குறி போட்டிருப்பாங்களா?"

"எதுக்கு? எங்களுக்குத்தான் தெரியுமே."

மேடம் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். சாயங்காலம் ஆட்களோடும் மண்வெட்டியோடும் வயலுக்கு வரச் சொன்னார். காரணம் சொல்லவில்லை.

*

அக்கா வீட்டுக் கதவைத் திறந்தது தங்கை. எங்களைப் பார்த்ததும் கேள்வியே கேட்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒண்ணும் இல்லைம்மா" என்றார் மேடம். "அக்காவோட ரூமை ஒரு தடவை பார்க்கணும்."

உள்ளேயிருந்து அக்காவின் கணவர் வந்தார். நில அளவையாளர், ஊரில் எல்லாரும் 'சர்வேயர்' என்பார்கள். தாடி வளர்ந்து, சட்டை தோளில் தொங்கும் அளவுக்கு இளைத்திருந்தார். "உக்காருங்க மேடம், தம்பி நீங்களும் உக்காருங்க" என்று தானே டீ போட்டுக் கொண்டுவந்தார். எனக்குச் சர்க்கரை தூக்கலாக வேண்டும் என்று போன தடவை சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அத்தான் இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியலை" என்றாள் தங்கை. "அப்பா அம்மா போனப்ப நான் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு இருந்தேன். இவர்தான் படிக்க வெச்சார். இப்பவும் ராத்திரி நான் சாப்பிட்டேனான்னு பார்த்துட்டுத்தான் படுப்பார்."

கூடத்துச் சுவர் முழுக்க அவருடைய வரைபடங்கள். சட்டம் போட்டு, ஒரு கோடு கோணாமல் மாட்டியிருந்தார். ஒவ்வொன்றிலும் மேல் மூலையில் வடக்கு காட்டும் அம்பு. மேஜையில் பாதி சுருண்டு கிடந்த ஒரு பிளானில் எனக்குத் தெரிந்த வயல் தெரிந்தது.

"இது நம்ம கோதுமை வயலாச்சே! மூணு வட்டத்தையும் காணோம்?"

"அது பழைய பிளான் தம்பி" என்று அதைச் சுருட்டி ஓரமாக வைத்தார். சுருட்டுகிறபோது கீழே 'காலி நிலம்' என்ற எழுத்தும், அதன் மேல் அவர் கையெழுத்தும் முத்திரையும் தெரிந்தன. கம்பெனிக்காரர்கள் காலி நிலத்தைத்தானே வாங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என் மூளை ஓடவில்லை.

அக்காவின் அறை கூடத்துக்கு அடுத்தாற்போல். சுவரில் ஒரு கிளிப்பில் நடு வட்டத்தின் படம் தொங்கியது. வாசல் மேல் பக்கம்.

"அக்கா மாட்டினபடியே இருக்கா?"

"அப்படியேதான் மேடம். யாரும் தொடலை. அத்தான் இந்த ரூமுக்குள்ள வரவே மாட்டார், அவ வேலையில தலையிடக் கூடாதுன்னு. ஆனா சாப்பிடறப்ப அவ இதே பேச்சுதான் பேசுவா. தோண்டின இடம் பச்சையாத் தெரியும், வட்டத்துக்கு வாசல் இருக்கும்னு. அத்தான் பொறுமையாக் கேட்டுப்பார்."

மேடம் படத்தைக் கழற்றி, பின்பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். சின்னதாக, கோதுமை உமி நுனி மாதிரி, ஒரு முள் குத்திய தடம். வட்டத்தின் நட்டநடுவில். இன்னொன்று படத்தின் கீழ்ப் பக்கத்தில், வளையத்துப் பச்சையிலேயே. வாசலுக்கு நேர் எதிரே, அதிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்தில்.

"கூர்மையான எதையும் படத்துக்கிட்ட கொண்டு வர மாட்டாங்கன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"அவங்க மாட்டாங்க. கவராயத்து முள்ளை ஊன்றி அளந்தே பழகினவங்க என்ன செய்வாங்க?" என்று என் காதருகில் சொன்னார் மேடம். கதவு வழியாகக் கூடத்துச் சுவரைப் பார்த்தார். "ஒரே வீட்டுல ரெண்டு வடக்கு இருந்திருக்குடா."

டீயின் தித்திப்பு தொண்டையில் நின்றது.

கூடத்துக்கு வந்து மேடம் சர்வேயரிடம் சாவகாசமாகப் பேச ஆரம்பித்தார். "அறுவடைக்கு முன்னாடி அந்த நடு வட்டத்தை ஒரு தடவை தோண்டிப் பார்த்துடலாம்னு போலீஸ்ல நினைக்கிறாங்க. ஆனா பழைய அகழியைக் கெடுக்கக் கூடாதாம். வாசல் இருக்கிற இடத்துல மட்டும் தோண்டிக்கலாம்னு சொல்லிட்டாங்க. கச்சிதமா அளந்து காட்ட ஒரு ஆள் தேவைப்படுது."

கப் ஆடும், முகம் வெளுக்கும் என்று நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாறாக அவர் முகத்தில் ரத்தம் ஊறியது. ஒரு பிஸ்கட்டை எடுத்து டீயில் தோய்த்துச் சாப்பிட்டார்.

"வாசல்ல மட்டும்தானே? வேற எங்கேயும் தோண்ட மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

"நானே வரேன் மேடம். அவளுக்காக இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

வாசல் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. மேடமும் சொல்லவில்லை.

*

வெயில் சாய்ந்த நேரத்தில் வயலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தங்கையை வர வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வரப்பில் காத்திருந்தார். இடுப்பளவு கோதுமை, உள்ளே போனால் எந்தப் பக்கமும் ஒரே மாதிரி. வட்டம் எங்கே, வாசல் எங்கே என்று நின்ற இடத்தில் யாராலும் சொல்ல முடியாது.

சர்வேயர் சிவப்புத் தலைக் கம்பியைக் கண்டுபிடித்தார். டேப்பின் வளையத்தை அதில் மாட்டினார். திசை காட்டும் காம்பஸை உள்ளங்கையில் வைத்து, முள் அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். டேப்பை இழுத்துக்கொண்டு நேராக நடந்தார். ஓரிடத்தில் நின்று, அளவைச் சரிபார்த்து, கொடியைக் குத்தினார். வேலை சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம்.

"இதான் மேடம் வாசல்."

"இது வடக்கு" என்றார் மேடம்.

"ஆமா. வாசல் வடக்கேதானே இருக்கு?"

"யார் சொன்னாங்க?"

"அவ படத்துல..." நிறுத்தினார்.

"அந்த ரூமுக்குள்ள நீங்க போனதே இல்லைன்னு சொன்னாங்களே."

"கதவு திறந்திருந்தா கண்ணுல படாதா?"

"படும். அவங்க படத்துல மேலே இருக்கிறது தெற்கு சார். அவங்க ஆபீஸ்ல எல்லாரும் படத்தைத் தெற்கு மேலே வெச்சுத்தான் பார்ப்பாங்க. அது தெரியாத ஆள்தான் நாங்க தேடின ஆள்." மேடம் போலீஸ்காரர்கள் பக்கம் திரும்பினார். "கம்பியிலேர்ந்து இதே அளவு. நேர் எதிர்ப்பக்கம். அங்கே தோண்டுங்க."

"அங்கே தோண்டக் கூடாதுன்னு சொன்னீங்களே!" அவர் குரல் கிறீச்சிட்டது. "வாசல்ல மட்டும்னு..."

"அதுதான் வாசல்."

அவர் காம்பஸைப் பார்த்தார். அது தன்னை ஏமாற்றிவிட்டது என்பது போலப் பார்த்தார். மனசுக்குள் அந்தப் படத்தைத் திருப்பிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வாசலுக்கு நேர் எதிரே, வளையத்துப் பச்சையில் பச்சையாக மறையட்டும் என்று அளந்து அளந்து தோண்டியவர், வளையத்தில் பச்சையே இல்லாத ஒரே இடத்தில் தோண்டியிருக்கிறார். முகத்தில் ஈயாடவில்லை. கோதுமைக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அத்தான்?" என்றாள் தங்கை.

எதிர்ப்பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"ஒரே ஒரு வட்டத்தை விட்டுடுன்னுதான் கேட்டேன்" என்றார் சர்வேயர், தரையைப் பார்த்து. "காலி நிலம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். அவ ரிப்போர்ட் போனா என் லைசென்ஸ் போயிடும். மூணையும் மறைக்கச் சொல்லலை. கட்டடம் வர இடத்துல இருக்கிற நடு வட்டத்தை மட்டும் விட்டுடுன்னேன். இதே இடத்துல நின்னு கெஞ்சினேன். இருக்கிறதை இல்லைன்னு எப்படிச் சொல்றதுன்னு கேட்டா. கோபத்துல தள்ளிட்டேன். கம்பியில தலை பட்டுடுச்சு. கோபம் மேடம், வேற ஒண்ணுமில்லை."

"தள்ளினது கோபம்" என்றார் மேடம். அவர் குரலில் அப்படியொரு கசப்பை நான் கேட்டதே இல்லை. "அப்புறம் வீட்டுக்குப் போய், படத்துல கவராயம் வெச்சு அளவு எடுத்துட்டுத் திரும்பி வந்தீங்களே, அதுவும் கோபமா? நீங்க திரும்பி வர வரைக்கும் அவங்களுக்கு மூச்சு இருந்ததா இல்லையான்னு பார்த்தீங்களா?"

அவர் அந்தச் சிவப்புத் தலைக் கம்பியைப் பார்த்தார்.

பதிலுக்குத் தங்கைதான் பேசினாள். அழவில்லை. யாருக்கோ வழி சொல்கிற மாதிரி நிதானமாகப் பேசினாள். "அன்னைக்கு நீங்க வந்தப்ப நான்தான் கதவைத் திறந்தேன். அக்கா எங்கேன்னு கேட்டேன். 'வயல்லதான் இருக்கா, நான் போய்ப் பார்த்துக்கறேன், நீ சாப்பிட்டுப் படு'ன்னு சொன்னீங்க. நான் சாப்பிட்டுப் படுத்தேன் அத்தான்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வந்துவிடுமோ என்றுகூடப் பயந்தேன், வரவில்லை. மனைவி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட மனுஷன், அவளைப் புதைக்கத் தேவையான அளவுக்கு மட்டும் கேட்டிருக்கிறான்.

மண்வெட்டி நின்றது. போலீஸ்காரர் ஒருவர் குனிந்து எதையோ எடுத்து, மண்ணைத் துடைத்து, இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். கறுப்புக் கயிறு. அதில் ஒரு லென்ஸ். விளிம்பில் சின்னதாக ஒரு வட்டம் கீறியிருந்தது.

தங்கை அதைக் கையில் வாங்கவில்லை. பார்த்துவிட்டு, தோண்டிய இடத்துக்கு நடந்து போய், அங்கே மண்டியிட்டு உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் அவள் அழ ஆரம்பித்தாள். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை. நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை.

இன்ஸ்பெக்டர் போனில் யாரிடமோ நிலத்துக்காரரை வெளியே விடுவது பற்றிப் பேசினார். சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். டேப் மட்டும் கம்பியில் மாட்டியபடி கோதுமைக்குள் கிடந்தது. வெயில் இன்னும் இறங்கி, கதிர்களின் நிழல் என் பக்கமாக நீண்டது. அப்போது பார்த்தேன். வயல் நடுவில் கோதுமை மிக லேசாக, தூங்குகிறவர் மூச்சு இழுத்த மாதிரி, உயர்ந்து தாழ்ந்திருந்தது. நாள் முழுக்க எனக்குப் பள்ளமாகவே தெரிந்த இடம் மேடுதான்.

அறுவடை மிஷின் டிரைவர் வரப்போரமாக வந்து தயங்கினார். "நாளைக்கு மிஷினை இறக்கலாமா சார்?"

"மத்த இடத்துல இறக்குங்க. இந்த வட்டத்தை விட்டுடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

தங்கை எழுந்து வந்தாள். முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. தட்டிவிடவில்லை.

"மேடம், அக்காவை இங்கேர்ந்து எடுத்துட்டாலும் இந்த இடம் மேலேர்ந்து பார்த்தாப் பச்சையாத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அடுத்த வருஷமும்?"

"ஒவ்வொரு வருஷமும். தோண்டின மண்ணு திரும்பப் பழையபடி ஆகாது. உங்க அக்காதான் அப்படி எழுதி வெச்சிருக்காங்க."

அவள் அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப சரி" என்றாள். "இது காலி நிலம்னு இனிமே ஒருத்தனும் கையெழுத்துப் போட முடியாது."